கார் ஷெட் தரையின் வாட்டம்: எடுப்பதா, விடுவதா?

மார்ச் 2

கும்பகோணத்து வாசகரின் கேள்வி: "காரை விற்றாயிற்று. 10 அடிக்கு 18 அடி கார் ஷெட் காலியாகக் கிடக்கிறது. பார்பெல், ஸ்குவாட் ரேக், பெஞ்ச் எல்லாம் வாங்கிப் போட்டு வீட்டிலேயே உடற்பயிற்சிக்கூடம் அமைக்கப் போகிறேன். தரை ஷட்டரை நோக்கிச் சரிகிறது. முழுத் தரைக்கும் கான்கிரீட் போட்டு மட்டமாக்குவதுதான் ஒரே வழி என்கிறார் கொத்தனார். எனக்கும் அப்படித்தான் படுகிறது."

மார்ச் 2, இரவு

முழுத் தரையைத் தொடாதீர்கள். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் வீட்டு ஷெட்டில் நானும் என் தம்பியும் பார்பெல் (இரு முனையிலும் எடைத் தட்டு மாட்டும் நீளக் கம்பி) தூக்குகிறோம். தரையின் வாட்டம் கட்டிய நாளில் இருந்ததுபோலவே இருக்கிறது. நாங்கள் நிற்கும் 8 அடிக்கு 8 அடி இடம் மட்டும்தான் மட்டம்.

அந்த வாட்டம் கட்டும்போதே வேண்டுமென்று விட்டது. வண்டி கழுவும் தண்ணீர், நனைந்து வந்த வண்டியிலிருந்து சொட்டும் தண்ணீர், ஷட்டருக்கு அடியில் அடிக்கும் சாரல், எல்லாம் தானாக வெளியே போக வேண்டும் என்பதற்காக விட்டது. கஜா புயல் கரையைக் கடந்த 2018 நவம்பர் 16 அதிகாலை, எங்கள் ஷட்டரின் கீழ்ப்பாதி உள்வாங்கி வளைந்துவிட்டது. விடியும் வரை மழை உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. பின்சுவர் ஓரம் விற்காமல் வைத்திருந்த குறுவை நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. காலையில் பார்த்தால் அடி வரிசை மூட்டையின் சாக்குகூட ஈரமில்லை. உள்ளே வந்த தண்ணீர் அத்தனையும் வாட்டத்தோடு வெளியே போயிருந்தது. அந்தத் தரையை மட்டமாக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதங்கள் இருக்கின்றன. மார்ச்சில் காய்ந்த தரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

மார்ச் 3

முதலில் அளந்துவிட்டு வாருங்கள். "சரிகிறது" என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இரண்டடி ரசமட்டத்தைத் தரையில் வைத்து 18 அடிக்குக் கணக்குப் போட வேண்டாம். சொரசொரத் தரையில் அது வைத்த இடத்துக்கு ஒரு கதை சொல்லும். டியூப் லெவல்தான் பொய் சொல்லாது. 30 அடி ஒளி ஊடுருவும் குழாய் வாங்குங்கள். ஒரு முனையை வாளித் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் உறிஞ்சித் தண்ணீரை நிரப்புங்கள். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காற்றுக் குமிழி எங்காவது நிற்கிறதா என்று முழு நீளத்துக்கும் பாருங்கள். ஒரு குமிழி இருந்தாலும் அளவு கெட்டுவிடும், சுண்டிச் சுண்டி வெளியேற்றுங்கள்.

பின்சுவரின் ஒரு மூலையில் இடுப்புக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. குழாயின் ஒரு முனையை ஒருவர் அங்கே பிடிக்க, இன்னொருவர் மறுமுனையோடு மற்ற மூலைகளுக்குப் போக வேண்டும். தண்ணீர் குழாயின் ஓரத்தில் சற்று மேலேறி, நடுவில் குழிந்து நிற்கும். அந்தக் குழிவின் அடிதான் அளவு. இரண்டு முனையிலும் அதையே பார்க்க வேண்டும். நான்கு மூலையிலும் கோடு விழுந்ததும், கோட்டிலிருந்து தரை வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். ஷெட்டின் நடுவிலும் குறுக்கே நூல் கட்டி அளந்துவிடுங்கள். சக்கரம் நின்ற இடத்தில் பல தரைகள் அமுங்கியிருக்கும்.

மார்ச் 9

அளவு வந்திருக்கிறது: பின்சுவர் இடது மூலை 36 அங்குலம், வலது 36¼. ஷட்டர் இடது 40¼, வலது 40½. நடுவில் பள்ளம் இல்லை.

அருமையான தரை. 18 அடிக்கு 4¼ அங்குலம் இறக்கம், அதாவது அடிக்குக் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, சுமார் 2 சதவீதம். குறுக்குவாட்டில் 10 அடிக்குக் கால் அங்குலம்தான், அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

இப்போது கொத்தனார் சொன்ன வழியைக் கணக்குப் போடுவோம். பின்சுவரில் ஒன்றுமில்லாமல் தொடங்கி ஷட்டரில் 4¼ அங்குலம் வரை போட்டால் சுமார் 32 கன அடி கான்கிரீட், எடை இரண்டு டன்னுக்கு மேல். ஒன்றுமில்லாமல் தொடங்கும் அந்தப் பின்பக்கம் அப்பளமாக உடையும். ஜல்லியே நுழையாத கனத்தில் கான்கிரீட் நிற்காது. உடையாமல் இருக்க எங்கும் குறைந்தது 2 அங்குலம் வேண்டுமென்றால் ஷட்டர் பக்கம் 6¼ அங்குலம் ஆகும், அளவு ஏறக்குறைய இரு மடங்காகும். ஷட்டர் தரையைத் தொடும் இடம் உயரும், அதன் பக்கவாட்டுத் தடத்தை வெட்ட வேண்டும், வாசலில் ஒரு படி முளைக்கும். நாளைக்கு வீட்டுக்கு மறுபடி கார் வந்தால் சரிவுத்தளம் போட வேண்டும். தண்ணீர் போக வழியில்லாத தட்டையான தரை ஒன்று மிஞ்சும். 64 சதுர அடி வேலைக்கு 180 சதுர அடி தரையைப் பலி கொடுப்பானேன்?

மார்ச் 10

"2 சதவீதம் சரிவு உடம்புக்கு உண்மையில் கெடுதலா? எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்" என்று இன்னொருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. பதில் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சரிவு முன்பின்னாக இருந்தால், 10 அங்குலப் பாதத்தில் குதிகாலுக்கும் விரலுக்கும் வித்தியாசம் 5 மில்லிமீட்டர். பளுதூக்குவோர் போடும் காலணியின் குதிகாலே சுமார் 19 மில்லிமீட்டர் உயரம். ஆகவே ஷட்டரைப் பார்த்து நின்று ஸ்குவாட் (பார்பெல்லைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது) செய்தால் குதிகால் சற்று உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு தீங்கும் இல்லை.

சரிவு இடவலமாக இருந்தால் கதை வேறு. கால்களை ஒன்றரை அடி அகட்டி நின்றால் ஒரு கால் மற்றதைவிட 9 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். பார்பெல்லின் இரண்டு பக்கத் தட்டுகளுக்கும் நடுவே 1.31 மீட்டர் இருக்கிறது. தரையில் வைத்தால் ஒரு பக்கம் மற்றதைவிட 26 மில்லிமீட்டர் கீழே கிடக்கும். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் ஒரு பக்கத் தட்டு முன்னால் தரையை விட்டுக் கிளம்பும். எடை கூடக் கூட இடுப்பு ஒரு பக்கமாகத் திருகும். இதை நான் கெடுதல் என்றே சொல்வேன். கூடவே பார்பெல்லைத் தாங்கும் ரேக்கும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

அப்படியானால் முன்பின் சரிவை அப்படியே விட்டுவிடலாமா? ஸ்குவாட், பெஞ்ச் மட்டும் என்றால் விடலாம், மனமார்ந்து சொல்கிறேன். ரேக்கின் இரண்டு கால்களுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து நிமிர்த்தினால் போதும். தரையில் கிடக்கும் பார்பெல்லைக் குனிந்து பிடித்துத் தூக்கும் டெட்லிஃப்டுக்குத்தான் சிக்கல். 450 மில்லிமீட்டர் தட்டு மாட்டிய பார்பெல்லை 2 சதவீதச் சரிவில் வைத்தால் அது ஷட்டரை நோக்கி உருண்டு போகும். உள்நோக்கி நின்றால் கணுக்காலில் வந்து இடிக்கும், வெளிநோக்கி நின்றால் கையை விட்டு ஓடும். குனிந்து பிடிக்கும்போதே கம்பியோடு மல்லுக்கட்டினால் முதுகை எப்படி நேராக வைப்பது?

மார்ச் 10, பிறகு

டம்பெல், தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை மட்டும் செய்பவர் இந்த இழையைப் படிக்க வேண்டியதே இல்லை. தரையைக் கூட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

மார்ச் 16

தானாக மட்டமாகும் கலவையை ஊற்றினால் ஒரே மணி நேரத்தில் வேலை முடியும் என்று திருச்சி நண்பர் எழுதியிருக்கிறார். வீட்டுக்குள்ளே, டைல்ஸுக்கு அடியில், சில மில்லிமீட்டர் மேடுபள்ளத்தை நிரப்ப அதைப் போல் நல்ல சரக்கு இல்லை. ஆனால் அது தண்ணீராக ஓடும், ஓடுவதால்தான் மட்டமாகிறது. ஷட்டர் பக்கம் அணை கட்டாமல் ஊற்றினால் தெருவுக்குப் போய்விடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 1.7 கிலோ பொடி வேண்டும். 8 அடிச் சதுரத்தில், ஒன்றுமில்லாமல் தொடங்கி 2 அங்குலம் வரை போனால், சுமார் 257 கிலோ: 25 கிலோ பையாக வாங்கினால் பதினொரு பை. சாதாரண சிமெண்ட்டின் விலையையும் அந்தப் பையின் விலையையும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். மேலும் பையின் மேலேயே அதிகபட்சக் கனம் அச்சிட்டிருக்கும், பல வகைகளுக்கு 2 அங்குலம் ஒத்துவராது.

இதன் இடம் வேறு. வாட்டம் இல்லாத தரையில் அங்கங்கே குழி இருந்தால் இதை வாங்குங்கள்.

மார்ச் 23

நிற்கும் இடத்துக்கு மட்டும் மரத்தில் மேடை போட்டால் ஆகுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஆகும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அதுதான் வழி. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

நீடாமங்கலத்தில் என் சித்தி வீட்டு ஷெட்டில் அப்படி ஒரு மேடை இருக்கிறது. எட்டடி நீளச் சட்டங்களை ஒரு முனையில் 2 அங்குலம், மறுமுனையில் மெலிந்து போகும்படி ஆப்பாகச் சீவி, சரிவு போகும் திசையிலேயே அடிக்கு ஒன்றாக வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். மேலே 19 மில்லிமீட்டர் ப்ளைவுட் இரண்டு அடுக்கு, கீழ் அடுக்கு ஒரு திசை, மேல் அடுக்கு குறுக்குத் திசை. 8 அடிக்கு 4 அடித் தாள் நான்கு போதும். சட்டங்கள் சரிவோடு போவதால் இடையில் தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறது. குறுக்கே போட்டிருந்தால் ஒவ்வொரு சட்டமும் ஒரு வரப்பாகியிருக்கும். மரம் போடுபவர்கள் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

கரையான்தான் பகை. சுவரும் தரையும் சேரும் இடுக்கில் கிளம்பி, பென்சில் கனத்துக்கு மண்கோடு இழுத்துக்கொண்டு சட்டத்தின் அடியில் ஏறும். மேடைக்கும் சுவருக்கும் ஓரடி இடைவெளி விட்டிருந்ததால் அந்தக் கோடு வெறும் தரையில் வரும்போதே சித்தியின் கண்ணில் பட்டது. சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் ப்ளைவுட் உளுத்த பிறகுதான் தெரிந்திருக்கும். பனஞ்சட்டம் போடலாமா என்று கேட்டவருக்கு: வைரம் பாய்ந்த பனையைக் கரையான் லேசில் தொடாது, பழைய ஓட்டு வீட்டுக் கைமரங்களே சாட்சி. ஆனால் அதை ஆப்பாகச் சீவ நல்ல தச்சர் வேண்டும். நார் நாராகப் பிளக்கும்.

பொள்ளலான மேடையில் கம்பியைப் போட்டால் சத்தம் பெரிதாகக் கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருந்தால் யோசியுங்கள்.

ஏப்ரல் 6

கும்பகோணத்தார் சொந்த வீடு, கான்கிரீட் மேடைதான் வேண்டும் என்று முடிவு சொல்லிவிட்டார். எனக்கும் அதுவே விருப்பம். எங்கள் மேடையைப் போட்ட கொத்தனார் என் அப்பா காலத்தவர். வாட்டத்தை எடுக்க மாட்டேன் என்று முதலில் பிடிவாதமாக நின்றவரும் அவரே. "பாப்பா, எடுத்துவிட்டால் ஐப்பசியில் தண்ணீர் எங்கே போகும்?" என்றார். ஒரு துண்டு மேடை மட்டும் போதும், சுற்றிலும் வழி விடுவோம் என்றதும், "அப்படியென்றால் சரி, திண்ணை கட்டுகிற வேலைதானே" என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

அகலம் 10 அடியில் நடுவே 8 அடி மேடை, இரு பக்கமும் ஓரடி வெற்றுத் தரை. பின்சுவருக்கும் மேடைக்கும் அரை அடி. பின்னால் குழாய் கசிந்தாலும் தண்ணீர் மேடையைச் சுற்றி ஷட்டருக்குப் போய்விடும். பார்பெல் 2.2 மீட்டர் நீளம். 10 அடி அகலத்தில் குறுக்கே வைத்தால் இரு முனையிலும் ஒன்றேகால் அடிக்கு மேல் மிஞ்சும், தட்டு மாட்ட அது போதும்.

கனம், பின்பக்கம் 2 அங்குலம், ஷட்டர் பக்கம் 4 அங்குலம். எட்டடியில் 2 அங்குல இறக்கத்தை அது சரிக்கட்டிவிடும், மெல்லிய ஓரம் என்பதே கிடையாது. 16 கன அடிக் கான்கிரீட், சுமார் 1.1 டன். சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் நான்கு மூட்டை சிமெண்ட்டுக்குள் முடியும். எம்-சாண்ட் 7 கன அடி, ஜல்லி 14 கன அடி வாங்கினால் சரியாக இருக்கும். முக்கால் ஜல்லி வேண்டாம். 2 அங்குலக் கனத்தில் அது புரளாது, அரை அங்குல ஜல்லி கேளுங்கள்.

மேடையின் உயிர் பழைய தரையோடு அது பிடிக்கும் பிடியில் இருக்கிறது. வழுவழுப்பான சிமெண்ட் தரையின் மேல் அப்படியே கொட்டினால் பிறகு தட்டிப் பார்த்தால் டொக்கு டொக்கு என்று பொள்ளல் சத்தம் கேட்கும். எட்டடிச் சதுரம் முழுவதும் உளியால் கொத்திவிட வேண்டும். விரல் வைத்தால் உறுத்தும் அளவுக்கு, விரற்கடைக்கு ஒரு கொத்து. தூசியைக் கூட்டினால் போதாது, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெய்க் கறை இருந்தால் அந்த இடத்தைக் கறை போகும் வரை கொத்தியே ஆக வேண்டும். கார் நின்ற இடம், கறை கட்டாயம் இருக்கும். முந்தின இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சிமெண்ட் பாலைப் பிரஷ்ஷால் தேய்த்து, அது காய்வதற்கு முன்பே கான்கிரீட்டைப் போட வேண்டும். பால் காய்ந்துவிட்டால் பிடிப்பதற்குப் பதில் பிரித்துவிடும். அதனால் அவர் ஒரே நேரத்தில் எட்டடிக்கும் பால் தடவவில்லை. சித்தாள் சட்டியைக் கொண்டுவரக் கொண்டுவர, இரண்டு முழம் முன்னால் மட்டும் தடவிக்கொண்டே போனார்.

ஏப்ரல் 7

இரண்டு விட்டுப்போயின. நடுக்கனத்தில் வெல்டு மெஷ் (இரும்புக் கம்பி வலை) வையுங்கள், தரையில் கிடக்கக் கூடாது, சிறு கல் கொடுத்துத் தூக்குங்கள். மேடையை நான்கடிச் சதுரமாக நான்கு கட்டமாகப் பிரியுங்கள். மெல்லிய கனத்தில் எட்டடியும் ஒரே பாளமாக இருந்தால் அதற்கு இஷ்டப்பட்ட இடத்தில் வெடிக்கும். பிரித்துவிட்டால் பிரித்த கோட்டில் வெடிக்கும், மேலே விரிப்பு வருவதால் கோடு வெளியே தெரியாது.

தண்ணீரை வாரி ஊற்ற விடாதீர்கள். ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 25 லிட்டர், மணலில் உள்ள ஈரமும் அதில் அடக்கம். கரண்டி ஓட்டச் சுலபமாக இருக்கிறது என்று கூட ஊற்றுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 20

ஒரத்தநாட்டு வாசகர் இதே மேடையைப் போடலாமா என்கிறார், திருத்துறைப்பூண்டி வாசகரும் அதையே கேட்கிறார். இருவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது என்று இப்போது படுகிறது. மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி எல்லாம் 1934-இல் மேட்டூர் அணை முடிந்ததை ஒட்டிக் கல்லணைக் கால்வாய்ப் பாசனம் பெற்ற புதிய டெல்டா. பெரும்பாலும் செம்மண் கலந்த மணற்பாங்கு. மழைக்கும் வெயிலுக்கும் அந்த மண் பெரிதாக அசையாது. தரை அசையாவிட்டால் மேடையும் அசையாது. தாராளமாகப் போடுங்கள்.

வெண்ணாறு, கோரையாறு, பாமணி ஆறு பாயும் பழைய டெல்டாவின் களிமண் அப்படியில்லை. மழையில் ஊறி உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அறுவடை முடிந்து சித்திரையில் வயலில் நடப்பவருக்குத் தெரியும், வெடிப்பில் கால் மாட்டிக்கொள்ளும். அதே மண்தான் ஷெட்டுக்கு அடியிலும் இருக்கிறது. அடியில் மணல் நிரப்பிக் கெட்டித்துக் கட்டிய ஷெட் தாங்கும். அப்படியே மண்ணை மிதித்து மேலே தளம் போட்டது தாங்காது.

எங்கள் ஷெட்டின் தரையில் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடுகிறது. பங்குனியில் பத்து ரூபாய் நாணயத்தின் விளிம்பு அதில் நுழையும். கார்த்திகையில் அதே நாணயம் நுழையாது. உயிருள்ள வெடிப்பு என்பது இதுதான். கொத்தனார் மேடை முழுவதையும் அந்த வெடிப்புக்குப் பின்பக்கத்திலேயே நிறுத்தினார். வெடிப்பின் மேல் ஏற்றியிருந்தால் ஒரே மழைக்காலத்தில் மேடையும் பிளந்திருக்கும். எத்தனை மெஷ் வைத்தாலும் மண்ணோடு மல்லுக்கட்ட முடியாது.

ஆகவே களிமண் பகுதிக்காரர்கள் வெடிப்புகளைப் பென்சிலால் குறித்து, அகலத்தை எழுதி வையுங்கள். வெடிப்பு இல்லாத எட்டடி கிடைக்கவில்லையா, கான்கிரீட்டை மறந்துவிடுங்கள். மரமோ, பட்டறையில் சொல்லி இரும்புச் சதுரக் குழாயில் சட்டகமோ போடுங்கள். சட்டகத்தின் ஒவ்வொரு காலிலும் நட்டு போல்ட் வைத்து உயரத்தை ஏற்றி இறக்கும்படி செய்யச் சொன்னால், மண் அசைந்தாலும் ஸ்பானரால் மட்டத்தைத் திருப்பிக்கொள்ளலாம். டிராக்டர் வேலை பார்க்கும் எந்தப் பட்டறையும் இதைச் செய்து தரும்.

மே 5

கும்பகோணத்தில் மேடை போட்டாயிற்று. தரையில் வெடிப்பு இல்லை, அடியில் மணல் நிரப்பியது என்று உறுதி செய்த பிறகே போட்டிருக்கிறார். வெயிலுக்கு முன் விடிகாலையில் தொடங்கியதும் நல்லது.

இனி தண்ணீர் கட்டுவதில்தான் வேலை இருக்கிறது. இந்த வெயிலில் சாக்கைப் போட்டு வேளைக்கொரு வாளி ஊற்றினால் நடுவில் காய்ந்துவிடும். மேடை ஓரம் முழுக்கக் களிமண்ணால் நாலு விரல் வரப்புப் போட்டுத் தண்ணீரைத் தேக்குங்கள். குறைந்தது 7 நாள். வரப்புக்கு மண் எங்கே கிடைக்கும் என்று இந்த ஊரில் யாரும் கேட்கப் போவதில்லை.

தேக்கியதும் இன்னொன்று செய்யுங்கள். நிற்கும் தண்ணீரே ரசமட்டம். இரும்பு ஸ்கேலை நான்கு மூலையிலும் நடுவிலும் நிமிர்த்தி வைத்து, நனைந்த உயரத்தைப் பாருங்கள். ஐந்து இடத்திலும் ஒரே அளவு வந்தால் மேடை மட்டம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறுமாறாக இருந்தால் விரிப்பு விழுங்கிக்கொள்ளும். அதற்கு மேல் இருந்தால் கொத்தனாரை அப்போதே அழையுங்கள்.

28 நாள் ஆகும் வரை கம்பியைத் தரையில் போட வேண்டாம். ஸ்குவாட் ரேக்கை நிறுத்திப் பார்க்க ஆசையாக இருக்கும், நிறுத்துங்கள், ஆனால் துளை போடாதீர்கள். 2 அங்குலப் பக்கத்தில் போல்ட் அடித்தால் ஓரம் தெறிக்கும். ரேக்கை ஒரு ப்ளைவுட் பலகையில் திருகி, அதன் கால்களின் மேல் தட்டுகளை அடுக்கினாலே அசையாது.

மே 18

விரிப்பு. உடற்பயிற்சிக்கென்று விற்கும் ரப்பர் டைல்ஸும் நல்லதுதான். நான் மாட்டுத் தொழுவத்துக்கு விற்கும் ரப்பர் பாயைப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஆறரை அடிக்கு நான்கடி, 15 முதல் 17 மில்லிமீட்டர் கனம். கறவை மாட்டின் எடையையும் குளம்பையும் தாங்கச் செய்தது, ஆகவே பார்பெல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கால்நடைத் தீவனக் கடைகளில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். புதுப் பாயில் ரப்பர் வாடை கடுமையாக இருக்கும். சோப்புத் தண்ணீரில் தேய்த்து நிழலில் ஆறவிட்ட பிறகு உள்ளே கொண்டுபோங்கள். அடியில் பள்ளக்கோடு உள்ள பாயாகப் பார்த்து வாங்குங்கள், ஈரம் அதன் வழியே மூச்சு விடும்.

விரிப்பதற்கு முன் ஒரு சோதனை. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் உரித்துப் பார்த்தால் தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றாலோ, தரை கறுத்திருந்தாலோ, கீழிருந்து ஈரம் ஏறுகிறது. நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் இருக்கும் கார்த்திகையில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை பாருங்கள். ஈரம் ஏறும் தரையில் பாயை ஒட்டவே கூடாது. மாதம் ஒருமுறை தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துத் தரையை உலரவிட வேண்டும். சுவரோரம் வெள்ளையாக உப்புப் பூத்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி வெளியே கொட்டுங்கள், தண்ணீர் பட்டால் கரைந்து மறுபடி தரைக்குள்ளேயே போகும்.

கம்பி விழும் இரண்டு பக்கத்திலும் பாய் இரண்டு அடுக்கு போடலாமா என்ற கேள்விக்கு: ஆம், ஆனால் நிற்கும் இடத்தையும் அதே உயரத்துக்குப் ப்ளைவுட்டால் ஏற்றுங்கள். கால் ஒரு உயரம், தட்டு ஒரு உயரம் என்றால் இத்தனை பாடும் வீண்.

ஜூன் 14

இழை கொஞ்சம் திசை மாறியிருக்கிறது, மாறட்டும். இளவட்டக்கல் தூக்கியவர்கள் எந்தத் தரையை மட்டம் பார்த்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. உருண்டைக் கல்லை மண் தரையிலிருந்து தூக்கித் தோளுக்கு மேல் பின்னால் போடுவது ஒருமுறை செய்யும் வேலை. கல் உருண்டு ஓடாமல் மண்ணே பிடித்துக்கொள்ளும், கால் விரல்களும் மண்ணில் அழுந்தும். நாம் செய்வது வாரத்துக்குப் பல முறை, ஒரே அசைவு, எடையை ஏற்றிக்கொண்டே போவது. சிறு சாய்வும் மாதக்கணக்கில் ஒரே மூட்டில் சேரும். என் அக்கறை அதில்தான். சிமெண்ட் தரை மண்ணைப்போல் காலுக்கு இடம் கொடுக்காது.

கர்லாக்கட்டைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: மேடையின் ஓரத்தில் நின்று சுற்றாதீர்கள். பின்னால் ஒரு அடி வைத்தால் 4 அங்குலப் படி இருக்கிறது. ஷட்டர் பக்க ஓரத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் முதலில் அதைத்தான் அடித்தோம். அப்பாவுக்குக் கண் பார்வை குறைவு, மின்சாரம் போன நேரத்திலும் அந்தக் கோடு அவருக்குத் தெரிகிறது.

ஆகஸ்ட் 24

திருத்துறைப்பூண்டி வாசகர் நட்டு போல்ட் கால் வைத்த இரும்புச் சட்டகம் செய்துவிட்டார். ஒன்பது கால்கள், மேலே இரண்டு அடுக்குப் ப்ளைவுட். நல்ல வேலை. கால்களின் அடியில் கையகலத் தகடு வைத்திருக்கிறார், இல்லையென்றால் போல்ட்டின் முனை தரையைக் குடைந்திருக்கும். துருவுக்கு ரெட் ஆக்சைடு அடித்தால் மட்டும் போதாது, மேலே எனாமல் பெயிண்ட் இரண்டு கை அடியுங்கள். திருத்துறைப்பூண்டிக்கு உப்புக் காற்று தூரமில்லை.

நவம்பர் 10

கும்பகோணத்திலிருந்து செய்தி: "மூன்று நாள் விடாத மழை. ஷட்டருக்கு அடியில் சாரல் வந்தது. மேடையின் ஓரம் வரை வந்து, இரண்டு பக்க இடைவெளியிலும் நின்று, பிறகு திரும்பி வெளியே போய்விட்டது. பாய் நனையவில்லை. கொத்தனாரே வந்து பார்த்துவிட்டு, அடுத்த வீட்டிலும் இப்படியே செய்யலாம் என்றார்."

மனம் நிறைந்தது. பக்க இடைவெளியில் டம்பெல், பை, பழைய செருப்பு எதையும் வைக்காதீர்கள். அந்த ஓரடி தண்ணீருக்கு உரியது.

இப்போது டேப்பை எடுத்து மார்ச்சில் போட்ட அதே நான்கு பென்சில் கோட்டிலிருந்து தரையை மறுபடி அளந்து எழுதுங்கள். மார்ச் அளவும் இதுவும் ஒன்றானால் உங்கள் தரை அசையாத தரை. கால் அங்குலத்துக்கு மேல் மாறியிருந்தால் எனக்கு எழுதுங்கள், மேடையின் நான்கு கட்டத்தையும் பார்க்க வேண்டும்.

நவம்பர் 11

அளவு மாறவில்லையாம். அடுத்து டிரெட்மில் வாங்குகிறாராம், மேடைக்கு வெளியே ஷட்டர் பக்கம் வைக்கலாமா என்கிறார்.

வைக்கலாம், நீளவாட்டில், முகப்பு பின்சுவரைப் பார்த்து. 2 சதவீத ஏற்றத்தில் நடப்பதாக ஆகும், திரையில் காட்டும் ஏற்றத்தோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். குறுக்கே மட்டும் வைக்காதீர்கள், பட்டை ஒரு பக்கமாக ஒதுங்கி ஓரம் கிழியும். அடியில் இருக்கும் திருகு கால்களால் இடவலச் சாய்வைச் சரிசெய்யலாம். மின்கம்பியை மேலே சுவர் வழியாகக் கொண்டு போங்கள், தரையில் கிடத்த வேண்டாம். ஷட்டரிலிருந்து குறைந்தது நான்கடி உள்ளே தள்ளி வையுங்கள், ஷட்டர் ஓரத்தில்தான் சாரல் அடிக்கும்.